கதவு மூடிய பிறகு கேட்கிற கேள்விகள்: எச்.ஐ.வி. மருந்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

பினாங்கில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கு முதன்முறை வருகிற தமிழர்களுக்குத் துணையாகப் போய் உட்காரும் தன்னார்வலர் நான். டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். அறையை விட்டு வந்து கதவு மூடியதும் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் தமிழில் கேட்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக ஏறக்குறைய அதே கேள்விகள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, என் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரும் மருந்தாளுநரும்தான் முடிவு செய்வார்கள். அவர்களிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிடுகிறவர்களுக்காக இதை எழுதினேன்.

அக்கா, எனக்கு எய்ட்ஸ் வந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர். அது நம் இரத்தத்தில் உள்ள சி.டி.4 என்ற எதிர்ப்பு அணுக்களைப் பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்த பிறகு வரும் நிலைதான் எய்ட்ஸ். நல்ல உடம்பில் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இந்த அணுக்கள் 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே இறங்கினாலோ, எதிர்ப்பாற்றல் குன்றியவர்களைத் தாக்கும் குறிப்பிட்ட நோய்கள் வந்தாலோ எய்ட்ஸ் என்கிறார்கள்.

அந்த நிலையில் வந்தவர்களும் மீண்டிருக்கிறார்கள். இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்த ஒருவரின் சி.டி.4 அளவு அன்று 20ஐக்கூட எட்டவில்லை. இன்று அவர் லாரி ஓட்டுகிறார்.

உடம்பில் ஒரு குறையும் இல்லையே, இப்போதே மருந்து எதற்கு?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ஒரு காலத்தில் டாக்டர்களே சி.டி.4 குறையட்டும் என்று காத்திருந்தார்கள். ஸ்டார்ட் என்ற பெரிய ஆய்வு அதை மாற்றியது. 35 நாடுகளில் 4,685 பேர் அதில் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் சி.டி.4 அளவு 500க்கு மேல். ஒரு பாதியினர் உடனே மருந்தைத் தொடங்கினார்கள். மறு பாதியினர் அளவு 350க்கு இறங்கும்வரை காத்திருந்தார்கள். உடனே தொடங்கியவர்களில் 42 பேருக்குக் கடும் நோயோ மரணமோ நேர்ந்தது. காத்திருந்தவர்களில் 96 பேருக்கு. 2015இல் இந்த முடிவு வந்தது. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி. உள்ள எல்லாருக்கும் சி.டி.4 அளவு எதுவாக இருந்தாலும் மருந்து தர வேண்டும் என்று சொல்லிவிட்டது.

கிருமி வெளியில் ஒன்றும் காட்டாத ஆண்டுகளிலும் உள்ளே வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. காய்ச்சல் வரட்டும், எடை குறையட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அப்படி இருந்துவிட்டு வந்தவர்களின் படுக்கையருகே நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த மாத்திரை உள்ளே போய் என்னதான் செய்கிறது? ஒரு மாத்திரையில் மூன்று மருந்து என்கிறார்களே?

எச்.ஐ.வி. தனியாகப் பெருக முடியாது. சி.டி.4 அணுவுக்குள் புகுந்து, தன் மரபுக் குறிப்பை அணுவின் மொழிக்கு மாற்றி எழுதி, அதை அணுவின் மரபணுவோடு ஒட்டவைத்து, அந்த அணுவைக் கொண்டே தன் நகல்களைச் செய்துகொள்கிறது. டெனோஃபோவிர், லாமிவுடின் போன்ற மருந்துகள் அந்த மாற்றி எழுதும் வேலையைத் தடுக்கின்றன. டோலுடெகிராவிர் ஒட்டவைக்கும் வேலையைத் தடுக்கிறது. புது நகல்கள் நின்றுபோனால் இரத்தத்தில் கிருமி குறையும், சி.டி.4 அணுக்கள் மெல்ல ஏறும்.

மூன்று மருந்து ஏன் என்றால், இந்தக் கிருமி நகலெடுக்கும்போது நிறையப் பிழை விடும். அந்தப் பிழைகளில் ஏதாவது ஒன்று மருந்துக்கு அடங்காத கிருமியை உண்டாக்கிவிடும். 1987இல் முதல் மருந்தான ஏ.இசட்.டி. வந்தபோது தனியாகக் கொடுத்தார்கள். சில மாதங்களிலேயே கிருமி அதை மீறிக்கொண்டது. 1996 வாக்கில் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் மரணங்கள் சரிந்தன. ஒரே நேரத்தில் மூன்றையும் மீறுவது கிருமிக்கு மிகக் கடினம். வேளை தவறாமல் சாப்பிடுங்கள் என்று நச்சரிப்பதற்கும் இதுதான் காரணம்.

எங்கே போக வேண்டும், எவ்வளவு செலவாகும்?

தீவில் இருப்பவர்களுக்குப் பினாங்கு பொது மருத்துவமனை. பெருநிலத்தில் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தவர்களுக்குச் செபராங் ஜெயா மருத்துவமனை. குடும்ப மருத்துவ நிபுணர் இருக்கிற அரசு சுகாதாரக் கிளினிக்குகளிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. உடம்பு நிலையாக இருப்பவர்களுக்கு அதுவே வசதி. கோலாலம்பூர்ப் பக்கத்தில் சுங்கை பூலோ மருத்துவமனை, கோலாலம்பூர் பொது மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் ஆகியவற்றில் இதற்கான பிரிவுகள் உண்டு.

மலேசியக் குடிமக்களுக்கு முதல் நிலைக் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் 2006 முதல் இலவசம். கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட், மருத்துவமனை நிபுணர் பிரிவில் 5 ரிங்கிட் என்பதுதான் நெடுங்கால வழக்கம். ‘கட்ட முடியாது’ என்று எண்ணி மாதக்கணக்கில் வராமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பணத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள். வேலை பெர்மிட்டில் இருப்பவர்களின் நிலை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாளே ஏன் இத்தனை குப்பி இரத்தம் எடுக்கிறார்கள்?

ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு கேள்வி. சி.டி.4 எவ்வளவு, வைரஸ் அளவு எவ்வளவு, சிறுநீரகமும் ஈரலும் எப்படி, மஞ்சள் காமாலை பி, சி கிருமிகள் உண்டா, மேகப்புண் உண்டா என்று பார்க்கிறார்கள். காசநோய்க்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். சி.டி.4 மிகக் குறைவாக இருந்தால் நிமோனியாவைத் தடுக்க கோ-டிரைமாக்சசோல் என்ற மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள். அதற்கு முன் ஜி6பிடி என்ற இரத்தக் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு.

இவற்றில் மஞ்சள் காமாலை பி முடிவை மட்டும் நீங்களே கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்தக் கிருமியையும் அடக்கும் மருந்துகள். அது இருப்பவர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஈரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

முடிவு வந்த அன்றைக்கே மாத்திரை கொடுப்பார்களா?

கொடுக்கலாம். தயாராக இருப்பவருக்கு அன்றே, இல்லாவிட்டால் ஏழு நாட்களுக்குள் தொடங்குவது நல்லது என்று 2017 முதல் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. எல்லா இரத்த முடிவுகளும் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை.

மூளை உறையில் காசநோயோ, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைத் தொற்றோ இருந்தால் மட்டும் அதற்கான சிகிச்சையை முதலில் தொடங்கி, எச்.ஐ.வி. மருந்தைச் சில வாரங்கள் தள்ளி வைப்பார்கள். மண்டைக்குள் திடீர் வீக்கம் வந்துவிடும் என்பதால்தான் இந்தத் தாமதம். தொடர்ந்து தலைவலியோ, கழுத்து விறைப்போ, மாலைக் காய்ச்சலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாதாரணத் தலைவலிதானே என்று மறைக்க வேண்டாம்.

நல்ல நாள் பார்த்துத் தொடங்கலாமா?

ஒரு தாய் தன் மகனுக்காக இதைக் கேட்டார். அந்த வாரத்துக்குள் ஒரு நாள் என்றால் தாராளமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஆடி கழியட்டும்’ என்று தள்ளாதீர்கள். அந்த அம்மா தினசரிக் காலண்டரில் வியாழக்கிழமை நல்ல நேரத்தைப் பார்த்து, மகனுக்குத் தானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அன்று முதல் மகன் ஒவ்வொரு நாளும் மாத்திரை போட்டதும் அந்தக் காலண்டர் தாளின் மூலையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் தூங்கப் போவார். காலையில் அம்மா தாளைக் கிழிக்கும்போது புள்ளியைப் பார்ப்பார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. வேளை தவறாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? காலையா, இரவா?

மருந்தைப் பொறுத்தது. டோலுடெகிராவிர் உள்ள மாத்திரையை எந்த நேரத்திலும், சாப்பிட்டோ சாப்பிடாமலோ எடுக்கலாம். தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றச் சொல்வார்கள். பழைய மருந்தான எஃபாவிரென்ஸ் தலையைச் சுற்ற வைக்கும், விசித்திரமான கனவுகளைத் தரும். அதனால் அதைப் படுக்கும் நேரத்தில், வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்வார்கள். கொழுப்பான சாப்பாட்டின் மேல் போட்டால் மருந்து இரத்தத்தில் கூடி மயக்கமும் கூடும். இரவு பத்து மணிக்கு நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு உடனே அதைப் போட்டுக்கொண்ட ஒருவர், விடியும்வரை அறையே சுழன்றதாகச் சொன்னார்.

நேரத்தை நீங்கள் ஏற்கெனவே தினமும் செய்கிற ஒன்றோடு சேர்த்துவிடுங்கள்: பல் துலக்குவது, சாமி விளக்கு ஏற்றுவது, வேலைக்குப் புறப்படுவது. ஷிப்டு வேலை செய்பவர்கள் வேலை மாறும் வாரத்திலும் கைக்கு எட்டும் ஒரு நேரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

மாத்திரையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பெயர் தெரியக்கூடாது என்று பிளாஸ்டிக் பையில் கொட்டி, மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் வெயிலும் ஈரமும் மாத்திரையைக் கெடுத்துவிடும். குப்பிக்குள் இருக்கிற ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை எறியாதீர்கள். பெயர்தான் கவலை என்றால், மேலே ஒட்டியிருக்கிற தாளை மட்டும் உரித்துவிடலாம். குப்பி அதே குப்பியாக இருக்கட்டும். கைப்பையில் கலகலவென்று சத்தம் வருகிறது என்று ஒரு பெண் குப்பியைச் சின்னத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். அதில் தவறேதும் இல்லை.

முதல் சில வாரங்களில் உடம்பு என்ன செய்யும்?

பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. சிலருக்குக் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு, வயிறு இளகுவது ஆகியவை வந்து, இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். டோலுடெகிராவிரால் எடை கூடலாம். சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்க்கும் கிரியாட்டினின் அளவையும் அது இரத்தத்தில் சற்று ஏற்றிக் காட்டும். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று உடனே பயப்பட வேண்டாம். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் உண்மையாகவே பாதிக்கும் என்பதால் இரத்தத்தையும் சிறுநீரையும் அவ்வப்போது சோதிப்பார்கள்.

உடம்பெல்லாம் தடிப்பு எழும்பி, கூடவே காய்ச்சலோ வாய்ப்புண்ணோ கண் சிவப்போ வந்தால், கண் மஞ்சளானால், தற்கொலை எண்ணம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். மருந்தாலும் அது வரலாம், மனச்சுமையாலும் வரலாம். இரண்டுக்கும் உதவி உண்டு.

மருந்து தொடங்கிய பிறகுதான் என் அண்ணனுக்கு உடம்பு மோசமானது. மருந்துதானே காரணம்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் எப்போதும் ஒரு கோபம் இருக்கும்; அது நியாயமானதும்கூட. சி.டி.4 மிகக் குறைவாக இருக்கும்போது உடம்புக்குள் காசநோய்க் கிருமி போன்றவை ஒளிந்திருந்தாலும் எதிர்க்க ஆளில்லை. அதனால் வெளியிலும் தெரியாது. மருந்து வேலை செய்து எதிர்ப்பு அணுக்கள் திரும்பியதும் அவை அந்தக் கிருமிகளோடு மூர்க்கமாகச் சண்டை போடும். கழுத்தில் நெறி கட்டும், காய்ச்சல் அடிக்கும், மூச்சு வாங்கும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் இது நடக்கும்.

அப்போது செய்யக்கூடாதது, மாத்திரையைத் தானாக நிறுத்துவது. உடனே மருத்துவமனைக்குப் போனால் ஒளிந்திருந்த நோயைக் கண்டுபிடித்து, அதற்கும் மருந்து தருவார்கள், பெரும்பாலானவர்களுக்கு எச்.ஐ.வி. மாத்திரை தொடரும். இப்படி நடக்கலாம் என்பதை வீட்டில் ஒருவருக்காவது முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தெரியாத குடும்பம்தான் மாத்திரையைத் தூக்கி எறிகிறது.

ஒரு வேளை மறந்துவிட்டேன். இரண்டாகப் போட்டுக்கொள்ளட்டுமா?

வேண்டாம். நினைவுக்கு வந்தவுடன் ஒன்றைப் போடுங்கள். அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரம்கூட இல்லையென்றால் விட்டதை விட்டுவிடுங்கள். என்றோ ஒரு நாள் தவறியதால் எல்லாம் போய்விடாது. வாரத்துக்கு இரண்டு மூன்று என்று தவறுவதுதான் ஆபத்து. மருந்து அரைகுறையாக இருக்கும் இரத்தத்தில்தான், முன்பு சொன்ன அந்தப் பிழை நகல்கள் தலையெடுக்கும்.

எனக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

சர்க்கரை நம் சமூகத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். டோலுடெகிராவிர் இரத்தத்தில் சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மினின் அளவைக் கூட்டும். அதனால் மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். நம்மில் பலர் 2,000 எடுப்பவர்கள். சர்க்கரைக்கு ஒரு கிளினிக், எச்.ஐ.வி.க்கு மருத்துவமனை என்று போகும்போது ஓரிடத்தில் எழுதியது மற்ற இடத்துக்குத் தெரியாமல் போகலாம். நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருந்தாளுநரின் மேசையில் கொட்டிக் காட்டுங்கள்; அதுதான் பாதுகாப்பு.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள், நெஞ்செரிச்சல் மருந்துகளில் சில ஆகியவை டோலுடெகிராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. எச்.ஐ.வி. மாத்திரையை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் கழித்தோ போட வேண்டும். இரும்பும் கால்சியமும் மட்டும் என்றால் சாப்பாட்டோடு சேர்த்தே எடுக்கலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டோலுடெகிராவிரை ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக்குவார்கள். போதைப் பழக்கத்தை விடுவதற்காக மெத்தடோன் எடுப்பவர்கள் எஃபாவிரென்ஸ் தொடங்கினால் மெத்தடோனின் வலு குறைந்து உடம்பு வலிக்கும், வியர்க்கும். பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றித் தருவார்கள்.

சித்த மருந்தில் முழுவதும் குணமாகும் என்று ஒருவர் சொன்னார்…

பாட்டி வைத்த கஷாயத்தில் வளர்ந்தவள் நான். நாட்டு மருத்துவத்தைப் பழிப்பது என் நோக்கம் இல்லை. ஆனால் எச்.ஐ.வி.யை உடம்பிலிருந்து முழுதாக நீக்கும் சித்த மருந்தோ, ஆயுர்வேத மருந்தோ, சீன மருந்தோ இல்லை. பாதரசமும் பாஷாணமும் சேர்ந்த பற்பம், செந்தூரம் போன்றவை சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். டெனோஃபோவிர் எடுப்பவரின் சிறுநீரகம் அந்தச் சுமையைத் தாங்காது. சளிக்குத் தூதுவளை ரசம் வைத்துக் குடியுங்கள், யாரும் தடுக்கவில்லை. பெயர் எழுதாத பொடியையும் உருண்டையையும் மட்டும் வாங்காதீர்கள். மாத்திரையை நிறுத்தினால்தான் என் மருந்து வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒருவரிடம் சேமிப்பையெல்லாம் கொடுத்துவிட்டு, ஒன்பது மாதம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை.

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கிறேன். காவடி எடுக்கலாமா, அலகு குத்தலாமா?

விரதத்தில் மாத்திரையை விடக்கூடாது. தண்ணீரோடு ஒரு மாத்திரை விழுங்குவதால் விரதம் கெடும் என்று எந்தப் பெரியவரும் என்னிடம் சொன்னதில்லை. ஒருவேளை உணவுதான் என்றால், சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய மருந்து உங்களிடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பால்குடமும் காவடியும் உடம்புக்குத் தெம்பிருந்தால் எடுங்கள். அலகு பற்றி என் கருத்து: சி.டி.4 இன்னும் 200க்குக் கீழே இருந்தால் இந்த ஆண்டு வேண்டாம். காயத்தில் சீழ் பிடித்தால் தாங்க மாட்டீர்கள். அளவு ஏறியவர்கள், கிருமி நீக்கிய சொந்த அலகையும் கொக்கிகளையும் கொண்டு போங்கள். வேறொருவர் உடம்பில் குத்தியதை வாங்கவும் வேண்டாம், உங்களுடையதைக் கொடுக்கவும் வேண்டாம். முடி இறக்கும்போது புது பிளேடு கேளுங்கள். இதெல்லாம் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் எல்லாருக்கும் பொருந்தும்.

யார் யாரிடம் சொல்ல வேண்டும்? முதலாளிக்குத் தெரிந்துவிடுமா?

1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி டாக்டர் இதை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிப்பார். அங்கிருந்து ஒருவர் உங்களைத் தொடர்புகொண்டு விசாரிப்பார். அழைப்பு வந்தால் பதற வேண்டாம். அது சுகாதாரத் துறைக்குள் நடக்கும் வேலை. முதலாளிக்குத் தகவல் போவதில்லை. வேலையிடத்தில் எச்.ஐ.வி. பற்றி மனிதவளத் துறையின் வழிகாட்டு நெறி 2001 முதல் இருக்கிறது. அது இரகசியம் காக்கவும் பாகுபாடு காட்டாமல் இருக்கவும் சொல்கிறது. அது சட்டம் இல்லை, நெறிதான். ஆகவே வேலையிடத்தில் சொல்வதற்கு அவசரப்பட வேண்டாம் என்பதே என் அறிவுரை.

கணவனோ மனைவியோ துணையோ இருந்தால் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அவர்களும் பரிசோதிக்க வேண்டும். தனியாகச் சொல்லத் தைரியம் இல்லையென்றால் ஆலோசகரின் அறையில், அவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லலாம். மற்ற உறவினர் எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். தனியாகச் சுமக்கிறவர்கள்தான் பெரும்பாலும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள்.

‘கண்டறிய முடியாத அளவு’ என்று டாக்டர் சொன்னார். கிருமி போய்விட்டதா? மனைவிக்குப் பரவாதா?

போகவில்லை. சோதனைக் கருவியால் எண்ண முடியாத அளவுக்கு இரத்தத்தில் குறைந்துவிட்டது. ஒழுங்காகச் சாப்பிடுகிற பெரும்பாலானோர் ஆறு மாதத்துக்குள் இந்த நிலைக்கு வந்துவிடுகிறார்கள். டோலுடெகிராவிரில் இன்னும் சீக்கிரம்.

அந்த நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவால் எச்.ஐ.வி. பரவாது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சென்னையும் சேர்ந்த பல நகரங்களில் 1,763 தம்பதிகளோடு நடந்த ஆய்வு 2011இல் இதற்கு அடித்தளம் போட்டது. ஐரோப்பாவில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்த 888 இணையர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஆணுறை இல்லாமல் ஏறக்குறைய 58,000 முறை உறவு நடந்தும், மருந்தால் கிருமி அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்கும் பரவவில்லை. 2016இல் வெளிவந்த முடிவு இது. ஆணும் ஆணுமாக வாழும் 782 இணையர்களிடமும் அதே முடிவுதான் 2019இல் வந்தது. இரண்டு நிபந்தனைகள்: மருந்தைத் தொடங்கி ஆறு மாதமாவது ஆகி, சோதனையில் அளவு அடங்கியது உறுதியாக வேண்டும், மாத்திரை நிற்கக்கூடாது. ஆணுறை மற்றப் பால்வினை நோய்களைத் தடுக்கும் என்பதால் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. இரத்ததானம் மட்டும் எப்போதும் கூடாது, ஊசியையும் பகிரக்கூடாது. மேலே சொன்ன உறுதி உடலுறவைப் பற்றியது மட்டுமே.

ஒரே தட்டில் சாப்பிடுவது, பேரப்பிள்ளையை முத்தமிடுவது ஆகியவற்றால் மருந்துக்கு முன்பும் பரவாது, பின்பும் பரவாது. எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் தனக்கென்று ஒதுக்கி, தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்துவந்த ஒரு தாத்தாவிடம் இதைச் சொன்னேன். நம்பவில்லை. மூன்றாவது முறை டாக்டரே சொன்ன பிறகு, அடுத்த மாதம் வந்து ‘டம்ளரை மற்றதோடு வைத்துவிட்டேன் அம்மா’ என்றார்.

நாங்கள் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பெற்றுக்கொள்ளலாம். மலேசியாவில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை 1998இல் தொடங்கியது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் மேகப்புண்ணும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது; மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு இதுதான். கருத்தரிக்கும் முன்பே வைரஸ் அளவை அடக்கிக்கொள்வதே சிறந்தது. கர்ப்பத்தில் மாத்திரையை நிறுத்தக்கூடாது. பிறந்த குழந்தைக்கும் சில வாரங்கள் மருந்து கொடுப்பார்கள். தாய்ப்பாலுக்குப் பதில் பால்மாவு கொடுக்கச் சொல்வதுதான் இங்குள்ள நடைமுறை. ‘ஏன் பால் கொடுக்கவில்லை’ என்று மாமியார் கேட்பார் என்பது பல பெண்களின் பெரிய பயம். என்ன பதில் சொல்வது என்பதைப் பிரசவத்துக்கு முன்பே தாதியோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவன். எனக்கும் இலவசமா?

இல்லை என்பதைச் சொல்ல எனக்கு மனம் கஷ்டப்படுகிறது. வெளிநாட்டவர் மருந்துக்கும் சோதனைக்கும் கட்டணம் கட்ட வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபொமெமா மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தால் பெர்மிட் கிடைப்பதில்லை, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த நிலை வந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். மருந்து ஏற்கெனவே தொடங்கியிருந்தால் பயணத்திலும் விடாமல் இருக்கும் அளவுக்குக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, இரத்த முடிவுகள் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் இந்த மருந்து அரசு மையங்களில் இலவசம். அன்று தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கூட்டு மருந்து மையங்கள் இருக்கின்றன. ஊரில் இறங்கியதும் 1097 என்ற எண்ணில் கேட்டால் பக்கத்து மையத்தைச் சொல்வார்கள். ஊருக்குத் திரும்ப வேண்டிவந்தது உங்கள் குற்றத்தால் இல்லை.

மூன்று வருடமாகக் கண்டறிய முடியாத அளவு. இனி நிறுத்திப் பார்க்கலாமா?

கூடாது. கிருமியின் மரபுக் குறிப்பு அணுவின் மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது என்று முன்பு சொன்னேன் அல்லவா? அப்படிப்பட்ட அணுக்களில் சில உறங்கிப்போகின்றன. மாத்திரையால் அவற்றைத் தொட முடியாது. மருந்து நின்றால் அவை விழித்துக்கொள்ளும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் கிருமி இரத்தத்தில் திரும்பிவிடும். விட்டு விட்டுச் சாப்பிடலாமா என்று ஸ்மார்ட் என்ற ஆய்வில் 5,472 பேரிடம் சோதித்தார்கள். விட்டு விட்டு எடுத்தவர்களில் நோயும் மரணமும் கூடியதால் 2006இல் அந்தச் சோதனையையே நிறுத்தினார்கள். மஞ்சள் காமாலை பி உள்ளவர்களுக்கு இருக்கும் ஆபத்தை மேலே பார்த்தீர்கள்.

ஒரே மாத்திரை சலித்துவிட்டது, பக்கவிளைவு தாங்கவில்லை என்றால் மருந்தை மாற்றக் கேளுங்கள். மாற்றுவதற்கு இன்று வழிகள் உண்டு.

நடுவில் ஏழு மாதம் விட்டுவிட்டேன். இப்போது போனால் திட்டுவார்களா?

சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை, காணாமல் போனவர் திரும்பி வரும்போது தாதிகளின் முகத்தில் முதலில் வருவது நிம்மதிதான். மருத்துவமனை வாகன நிறுத்துமிடம்வரை மூன்று முறை வந்து, மூன்று முறையும் திரும்பிப்போன ஒருவர் இருந்தார். நான்காவது முறை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் கீழே இறங்கிப்போய் அவரோடு மேலே ஏறினேன். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

மிச்சமிருக்கும் பழைய மாத்திரைகளை நீங்களாகத் திரும்பத் தொடங்காமல், குப்பியோடு கொண்டு போங்கள். எந்த மாதத்தில் நிறுத்தினீர்கள், நடுவில் எப்போதாவது எடுத்தீர்களா, காய்ச்சல் இருமல் உண்டா என்று உண்மையைச் சொல்லுங்கள். கிருமி மருந்தை மீறிக்கொண்டதா என்பதைச் சோதித்து முடிவெடுக்க அது வேண்டும். பதிவு முகப்பில் வாய் வரவில்லை என்றால் அடையாள அட்டையை நீட்டி, ‘சாயா நாக் சம்புங் செமுலா ரவாத்தான்’ என்று மட்டும் சொல்லுங்கள். சிகிச்சையைத் திரும்பத் தொடர வந்திருக்கிறேன் என்று அர்த்தம். உங்கள் கோப்பை அவர்களே தேடி எடுப்பார்கள்.